ஒத்துக்கொண்டவன் நினைத்த வீடு

எங்கள் ஊர் போதைப்பொருள் கோர்ட்டில் ஒருவன் கூண்டில் ஏறி நின்று, நீதிபதி அம்மா கேட்கிற கேள்விக்கு "ஒத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டால், சொன்ன வாயை அவன் மூடுவதற்குள் அவனுடைய வீடு கோர்ட்டுக்கு முன்னால் இருக்கிற பொட்டலில் வந்து நின்றுவிடும். சத்தம் கித்தம் ஒன்றும் இருக்காது. போலீஸ் பிடித்துப் போட்ட வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கிற வரிசைக்கும் டீக்கடைக்கும் நடுவில், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நாய் படுத்திருந்த இடத்தில், ஓடு போட்டதோ தகரம் போட்டதோ, வாசலில் கோலத்தோடும் கொடியில் ஈரத்துணியோடும் அடுப்பில் கொதிக்கிற குழம்போடும் ஒரு வீடு நிற்கும். நாய் மட்டும் எழுந்து கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொள்ளும்.

முதலில் வந்தது வெள்ளைப்பாண்டியின் வீடு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கஞ்சாப் பொட்டலம் விற்றான் என்று கேஸ். ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்பதால் ஒத்துக்கொண்டான். அவனுடைய வக்கீல் ஞானதுரை, கல்யாணமாகாத பையன்களுக்குக்கூடத் தவறாமல் சொல்லுகிற அதே வாக்கியத்தை, காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "வயதான தாய், கைக்குழந்தை, இவர் ஒருவர் சம்பாத்தியத்தில்தான் குடும்பம் நடக்கிறது, கருணை காட்ட வேண்டும்." அப்போது வாசலில் நின்ற டவாலி பெரியகருப்பன் உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மா, அந்தக் கைக்குழந்தை வீட்டோட வெளிய வந்து நிக்குதும்மா" என்றார்.

நீதிபதி வசுமதி அம்மா எழுந்து வெளியே வந்தார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த வீட்டுக்குள் போனார். அரிசி வாளியைத் திறந்து பார்த்தார், குழந்தையின் தலையைத் தொட்டுப் பார்த்தார், கட்டிலில் இருந்த தாய்க்கிழவியிடம் ஏதோ கேட்டார். திரும்பி வந்து, அரசு வக்கீல் கேட்டதில் பாதிக்கும் குறைவாகத் தண்டனை எழுதினார். அதை வாசித்து முடித்ததும் வீட்டைக் காணோம். பொட்டலில் கடுகு தாளித்த வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

இதையெல்லாம் பார்த்து ஊர் ஸ்தம்பித்துப் போயிருக்கும் என்று நினைப்பீர்கள். ஒரு வாரம் பேசினோம், வாஸ்தவம்தான். அப்புறம் எதற்கு எப்படி என்று கேட்டுக்கொண்டிருக்க எங்களுக்கு எங்கே நேரம்? மின்வாரியத்துக்காரர் வந்து, கம்பி இல்லாமலே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துவிட்டு, மீட்டர் ஓடுகிறதா என்று மட்டும் சரிபார்த்துவிட்டுப் போனார். நகராட்சியிலிருந்து, பொட்டலில் வந்து நிற்கிற வீடுகளுக்கு வரி போடலாமா என்று விசாரித்து வந்தவர், வீடுகள் சாயங்காலத்துக்குள் போய்விடுகின்றன என்று தெரிந்ததும் சலித்துக்கொண்டார். குழாய்கள் அறுந்துதான் வரும், தண்ணீர் வராது என்பதால் டீக்கடைக்காரர் வாசலில் ஒரு டிரம் வைத்தார். வந்த வீடுகளுக்கு டீ அனுப்புவதும் பழக்கமாகிவிட்டது. உள்ளே இருப்பவர்களும் முதலில் ஜன்னலில் வெளிச்சம் மாறி விழுகிறதே என்று நிமிர்ந்து பார்ப்பார்கள், பிறகு "ஓ, ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டுவிட்டு அரிசி களைய உட்கார்ந்துவிடுவார்கள்.

லிங்கதுரை கேஸில்தான் எங்களுக்கு இதன் சூட்சுமம் பிடிபட்டது. அவன் ஒத்துக்கொண்டபோது அப்பன் வீடு வரவில்லை, மாமன் வீடு வந்து நின்றது. மாமன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்துகிறார், அத்தை தலையில் அடித்துக்கொள்கிறாள், மாமன் மகள் மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வராமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பையன் மனசில் எந்த வீடு இருந்தது என்று அன்றைக்கு ஊருக்கே தெரிந்துபோனது. அவன் விடுதலையாகி வந்ததும் கல்யாணம், எங்கள் எல்லோருக்கும் பத்திரிகை வந்தது. அப்படியாக, ஒத்துக்கிறேன் என்று சொல்கிற நேரத்தில் மனசில் எந்த வீடு இருக்கிறதோ அந்த வீடுதான் வரும் என்று புரிந்துகொண்டோம்.

புரிந்துகொண்ட பிறகு சும்மா இருப்போமா? வக்கீல்கள் கட்சிக்காரர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். "வேற எதையும் நெனைக்காதே. சினிமா, கிரிக்கெட், கூட்டாளி எவனும் வேண்டாம். உன் வீட்டை மட்டும் நெனச்சுக்கிட்டு வாயைத் திற." வீட்டுப் பெண்கள் முந்தின நாளே பிரிட்ஜைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டு, பிள்ளைகளுக்குக் கிழிந்த சட்டையைத் தேடிப் போட்டுவிட்டார்கள். கிழவர் இல்லாத வீடுகளுக்கு இரவலாக நாட்ராயன் என்கிற ஒருவர் போய்ப் படுத்துக்கொண்டு பிரமாதமாக இருமுவார். வேறு வேறு வீடுகளில் ஒரே கட்டிலில் ஒரே கிழவரைப் பார்த்துப் பார்த்து நீதிபதி அம்மாவுக்கும் அலுத்துப்போய், "உங்களுக்கு மொத்தம் எத்தனை மகனுங்க ஐயா?" என்று கேட்டார். அவர் இருமலை நிறுத்தாமலே கும்பிட்டார். தப்புதான். ஆனாலும் அதில் எங்களுக்கு ஒரு சிரிப்பு இருந்தது, அதை மறைப்பானேன். விற்ற பொருள் எந்த வாய்க்குள் போயிற்று என்ற நினைப்பு அப்போது எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. வந்து நின்றதெல்லாம் விற்றவன் வீடுதானே.

பால்சாமி வழக்கு கோடை தொடங்கின பிறகு வந்தது. அவன் லோடு ஆட்டோவில் குடிதண்ணீர் கேன் போடுகிறவன். தண்ணீர் கேன்காரனை யாரும் வாசலோடு நிறுத்துவதில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படி வரைக்கும் வருவான், பிள்ளைகள் பெயர் தெரிந்திருக்கும், சாமி படத்துக்கு முன்னால் வைத்த திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு போவான். அப்படிப்பட்டவன் வண்டியில், கேன்களுக்கு அடியில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் போதை மாத்திரை இருந்தது என்று பிடித்தார்கள். பத்து வருசம் வரைக்கும் போடக்கூடிய கேஸ். ஒத்துக்கொண்டு, வீடும் நல்லபடியாக வந்து நின்றால், இரண்டு மூன்றில் முடித்துவிடலாம் என்று ஞானதுரை வாக்குக் கொடுத்திருந்தார்.

அவன் மனைவி காந்திமதி கெட்டிக்காரி. எங்கேயாவது வேலைக்குப் போக வேண்டியிருக்கும், மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாமல் சமாளிக்க வேண்டும், புருஷன் பத்து வருசம் உள்ளே போனால் அந்தப் பிள்ளை பெரியவளாகித்தான் அப்பனைப் பார்க்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அதனால் டிவியைக் கழற்றி மறைத்தாள், புது மெத்தையைச் சுருட்டி மொட்டைமாடியில் போட்டாள், மகளுக்குச் சாயம் போன பாவாடையைக் கட்டிவிட்டாள், நாட்ராயனைக் கட்டிலில் படுக்கவைத்து, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர் போய்க் கோர்ட்டுப் பொட்டல் தெரியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சுவர் சுவராகவே இருந்தது.

போன் அடித்தது. வக்கீல் குமாஸ்தா அழகுராஜா.

"மதினி, அண்ணன் ஒத்துக்கிட்டாரு. ஆனா உங்க வீடு வரல."

"வரலன்னா?"

"வீடு வந்துருக்கு. உங்க வீடு இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பச்சைச் சுண்ணாம்பு அடிச்ச வீடு மதினி. உள்ள ஒரு அம்மா மட்டும் இருக்காங்க."

காந்திமதி ஆட்டோ பிடித்து வந்து சேர்வதற்குள் நாங்கள் எல்லோரும் பொட்டலில் கூடிவிட்டோம். பச்சைச் சுண்ணாம்பு அடித்த சின்ன வீடு, வாசலில் ஒரு தையல் மிஷின், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு முப்பத்தைந்து நாற்பது வயதில் ஒரு பெண், கையில் கரண்டியோடு, "என் வாசல்ல இருந்த ரோட்டைக் காணோமே" என்று எங்களைப் பார்த்து விழித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லிங்கதுரை கேஸை மறந்துவிடவில்லையே. தண்ணீர் கேன் போடுகிறவனுக்கு எத்தனை வீடு, அதில் இப்படியும் ஒரு குடித்தனம் வைத்திருக்கிறான் போல என்று டீக்கடையில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். பெரியகருப்பன் போய் நீதிபதி அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். "குடும்பச் சண்டை முடியட்டும், மத்தியானத்துக்கு மேல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த கேஸைக் கூப்பிட்டார்.

காந்திமதி ஆட்டோவிலிருந்து இறங்கியதே தனி வேகம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். எங்களுக்கு ஒருபக்கம் பாவமாகவும் ஒருபக்கம் வேடிக்கையாகவும் இருந்தது, இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

"யாருடி நீ? எம் புருசன் மனசுல உக்காந்திருக்க?"

"யாரும்மா உம் புருசன்?"

"பால்சாமி. தெரியாத மாதிரி கேக்குற. தண்ணி கேன் பால்சாமி."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். "தண்ணிக்கார அண்ணனா? நீ அவரு வீட்டுக்காரியா? வா தங்கச்சி, வெயில்ல நிக்கிறியே, உள்ள வா." கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள். சண்டை போட வந்தவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அந்தப் பெண் மூலையில் இருந்த கேனைச் சாய்த்து ஒரு சொம்பு பிடித்துக் கொடுத்தாள். காந்திமதி முழுசையும் குடித்துவிட்டாள், அவ்வளவு தாகம்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற நாங்கள் கேட்டது இதுதான். அவள் பெயர் மரகதம். பக்கத்து ஊர் மில் காலனி. புருஷன் இல்லை. தைத்துப் பிழைக்கிறாள். ஹரீஷ் என்று ஒரே மகன், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். அவள் ஜவுளிக்கடைக்குத் துணி கொடுக்கப் போகிற நேரத்தில் அவன்தான் தண்ணீர் கேனுக்குக் கதவைத் திறந்துவிடுவான்.

"போன தை மாசம் தூக்கத்துலயே போயிட்டான் தங்கச்சி. ஏதோ மாத்திரைன்னாங்க ஆஸ்பத்திரியில. எம் பிள்ளைக்கு மாத்திரையாம். காய்ச்சலுக்கே மாத்திரை முழுங்க மாட்டான்." மரகதம் அழவில்லை. அழுது தீர்ந்துபோன குரல் அது. "உங்க வீட்டுக்காரருதான் எல்லாத்துக்கும் கூட நின்னாரு. எழவுக்கு வந்தவங்க எல்லாருக்கும் அவருதான் தண்ணி கொண்டாந்து ஊத்துனாரு. மூலையில உக்காந்து அப்படி அழுதாரு. சொந்தக்காரன்கூட அப்படி அழல."

காந்திமதி சொம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அவருகிட்டதான் சொல்லி வச்சிருக்கேன். நாலு வீட்டுக்குப் போறவரு. எம் பிள்ளைக்கு அதைக் கொண்டாந்து குடுத்தவன் யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்கண்ணேன்னு. விசாரிக்கிறேம்மான்னாரு. வரும்போதெல்லாம் கேப்பேன். இன்னும் தெரியலைம்மான்னு தலையைக் குனிஞ்சுக்குவாரு."

சிரித்துக்கொண்டு வந்து நின்ற கூட்டம் அது. ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே அடுப்பை அணைக்காமல் நின்றார்.

"அண்ணன் மேல என்ன கேசு தங்கச்சி? அடிதடியா?" என்று மரகதம் கேட்டாள்.

சொம்பு மறுபடி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு காந்திமதி சொன்னாள், "அவரு வண்டியில யாரோ ஏதோ பொருளை வச்சு விட்டுட்டாங்கக்கா."

அவளைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. அவள் கண் முன்னால் மகள் நின்றிருப்பாள்.

"நெனச்சேன்" என்றாள் மரகதம். "நல்ல மனுசனுக்குத்தான் இப்படி வரும். இரு, நான் வந்து ஜட்ஜுகிட்டச் சொல்றேன். அவரு எப்பேர்ப்பட்டவருன்னு நான் சொல்லாம யாரு சொல்றது." கரண்டியை வைத்துவிட்டு, கட்டியிருந்த கொசுவம் கலைந்த சேலையோடு, செருப்புக்கூடப் போடாமல் காந்திமதியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கோர்ட்டுப் படி ஏறினாள். ஞானதுரை அவர்கள் வருவதைப் பார்த்தார். விஷயம் அவர் காதுக்கு முன்பே போயிருந்தது. உதட்டில் விரலை வைத்துக் காந்திமதிக்குச் சைகை காட்டினார்.

கோர்ட்டில் உட்கார இடமில்லை. பால்சாமி கூண்டில் நின்றான். மரகதம் உள்ளே வருவதைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவன் அன்றைக்குக் காலையில் சொந்த வீட்டை நினைக்கத்தான் நினைத்திருக்கிறான், ஞானதுரை சொல்லிக்கொடுத்தபடி மகளையும் கட்டிலையும் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறான், வாயைத் திறந்தபோது இந்தக் கதவு வந்துவிட்டது. இதை அவன் சிறையில் பிறகு சொன்னதாகக் கேள்வி.

நீதிபதி அம்மா மரகதத்திடம், "நீங்க என்னம்மா சொல்லணும்?" என்றார்.

"நான் என்ன படிச்சவளாங்கம்மா. இந்த அண்ணன் எங்க வீட்டுக்கு ரெண்டு வருசமாத் தண்ணி போடுறாரு. ஒரு பொய் இல்ல, ஒரு பார்வை இல்ல. எம் மகன் செத்தப்ப என்னைத் தாங்குனவரு. விட்டுருங்கம்மா. பொம்பளைப் பிள்ளை வச்சிருக்காரு."

"அவரு குத்தத்தை ஒத்துக்கிட்டாரும்மா."

"அடிச்சு ஒத்துக்க வச்சிருப்பாங்க."

நீதிபதி அம்மா பால்சாமியைப் பார்த்தார். "உன்னை யாராவது அடிச்சாங்களா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். தலையை நிமிர்த்தவில்லை.

அம்மா பேனாவை எடுத்தார். மகனைப் பறிகொடுத்தவளே இவ்வளவு சொல்கிறாளே என்று அவருக்கே மனசு இளகியிருந்ததை எங்களால் பார்க்க முடிந்தது. இன்னும் கொஞ்சம் சும்மா இருந்தால் போதும். காந்திமதி சும்மாதான் நின்றாள். அவளுடைய கை இன்னும் மரகதத்தின் கைக்குள் இருந்தது. இரண்டு வரி எழுதினதும் ஏதோ தோன்றி, அம்மா காந்திமதியிடம் திரும்பினார்.

"இவங்க வீடு எதுக்கு வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

ஞானதுரை இருமினார். பால்சாமி முதல்முறையாக நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். சொல்லாதே என்று பார்த்தானா, சொல்லிவிடு என்று பார்த்தானா என்று இன்றைக்கும் எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு.

காந்திமதி மரகதத்தின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க விசாரிச்சுச் சொல்லச் சொன்ன ஆளு இவருதான்."

மரகதம் கையை உதறவில்லை, கத்தவில்லை. சொன்னது புரியாதவள் மாதிரி காந்திமதியின் முகத்தையே பார்த்தாள். பிறகு கூண்டுக்குத் திரும்பி, மில் காலனியில் வாசலில் நின்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"தண்ணி கேனோடயாண்ணே?"

பால்சாமி அழுதுகொண்டே தலையை ஆட்டினான்.

"நான் ஜவுளிக்கடைக்குப் போன நேரத்துலயா?"

அதற்கும் ஆட்டினான்.

"எழவன்னைக்கு அம்புட்டு அழுதீங்களே" என்றாள் மரகதம். காந்திமதியைப் பிடித்திருந்த கை தானாகக் கழன்று தொங்கியது.

நீதிபதி அம்மா எழுதின தாளை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். ஒத்துக்கொண்டதற்காக எந்தக் குறைப்பும் இல்லை, பத்து வருசம் என்று வாசித்தார். எத்தனையோ வீட்டுக்குள் போய் அரிசி வாளியைத் திறந்து பார்த்தவர், இந்த வீட்டுக்குள் போகவே இல்லை. அன்றைக்குப் பட்டியலில் இன்னும் மூன்று பேர் ஒத்துக்கொள்வதாக இருந்தார்கள். மூன்று பேருமே, வழக்கை நடத்திக்கொள்கிறோம், ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டார்கள். எந்த வீடு வந்து நிற்குமோ என்று அவரவருக்கு உள்ளுக்குள் உதறல்.

தீர்ப்பு வாசித்ததும் வழக்கம்போல் வீடு போய்விட்டது. வீட்டுக்குள் இருப்பவர்களும் வீட்டோடு போய்விடுவார்கள், எப்போதும் அப்படித்தான். ஆனால் மரகதம் வீட்டுக்குள் இல்லை, கோர்ட்டுக்குள் நின்றிருந்தாள். படி இறங்கி வந்தபோது பொட்டல் காலியாகக் கிடந்தது. அவள் கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எங்கள் யாரிடமும் வழி கேட்காமல், பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்று யூகித்து நடக்கத் தொடங்கினாள். வெயில் இன்னும் தணியவில்லை. தார் ரோடு இளகிக் கிடந்தது. அவள் காலில் செருப்பு இல்லை.

காந்திமதி ஓடிப்போய் அவளுக்கு முன்னால் தன் செருப்பைக் கழற்றி, போட்டுக்கொள்ள வாகாகத் திருப்பி வைத்தாள். "சூடுக்கா" என்றாள். மரகதம் செருப்பைப் பார்த்தாள். அதைச் சுற்றி விலகி, வெறுங்காலோடு ரோட்டில் ஏறி நடந்தாள். வேகமாகவும் நடக்கவில்லை, நின்று காலை மாற்றி வைக்கவும் இல்லை.

காந்திமதி செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அதைப் போட்டுக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு ஆள் இடைவெளி விட்டு, அதே தாரில், அவளும் வெறுங்காலோடு பின்னாலேயே போனாள். பஸ் ஸ்டாண்டுக்கு அது நெடுந்தூரம். டீக்கடையில் நின்ற நாங்கள் ஒருவரும் ஒரு ஆட்டோவைக்கூடக் கூப்பிடவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றோம்.